‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், டாக்டர்

கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். இன்சுலின் போடச் சொல்லிக்கொடுப்பதும் மாத்திரைகளைச் சரிபார்ப்பதும் என் வேலை. திராட்சைத் தோட்டத்திலும் தக்காளி வயலிலும் முப்பது நாற்பது வருடம் குனிந்து உழைத்த மெக்சிகோக்காரர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள். எழுபதை ஒட்டிய வயது. படிப்பு இரண்டாவது, மூன்றாவதோடு சரி. ஸ்பானிஷ் பேசுவார்கள், படிக்க வராது. மெக்சிகோவின் ஓஹாகா பக்கத்திலிருந்து வந்த சிலருக்கு வீட்டு மொழி மிஷ்தெக்கோ என்ற பழங்குடி மொழி. ஸ்பானிஷே அப்புறம் கற்றதுதான்.

‘எனக்கு அசூகார் இருக்கு’ என்பார்கள். அசூகார் என்றால் சர்க்கரை. நம் ஊரில் ‘எனக்கு சுகர் இருக்கு’ என்பதேதான்.

போன குளிர்காலத்தில் எழுபத்திரண்டு வயது அம்மா ஒருவர் வந்தார். சில நாட்களாக விடியற்காலையில் கை நடுங்குகிறது, உடம்பெல்லாம் வியர்க்கிறது, மகள் ஜூஸ் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. வீட்டிலிருக்கும் மருந்தை எல்லாம் எடுத்து வரச் சொன்னேன். பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கிக் கொண்டுவந்தார். ‘இது காலையில் சாப்பிடும் பச்சை. இது டாக்டர் புதிதாகக் கொடுத்த நீலம்’ என்றார். இரண்டும் ஒரே மருந்து! மருந்துக்கடை வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறியிருந்தது, நிறமும் மாறிவிட்டது. பழைய புட்டியில் மீதி இருந்ததால் இரண்டையும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். அதனால்தான் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி அந்த நடுக்கமும் வியர்வையும்.

அதே டின்னில் இரண்டு இன்சுலின் பேனாக்கள் (பேனா வடிவ ஊசிகள்) இருந்தன. ராத்திரிப் பேனாவில் மட்டும் அடையாளத்துக்கு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, அவரே செய்துகொண்டது. இப்படிப்பட்டவரின் கோப்பில் ‘மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று எழுதினால் எனக்கு வயிறு எரியும். ஒரு மாத்திரைகூட விடாதவர் அவர்.

நீங்கள் ‘புரிந்ததா?’ என்று கேட்டிருப்பீர்கள். அவர் ‘சி, தொக்தோர்’ (ஆமாம், டாக்டர்) என்று தலையாட்டியிருப்பார். டாக்டர் முன்னால் ‘புரியவில்லை’ என்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு; படிக்கத் தெரியாது என்பதை வாய்விட்டுச் சொல்வது வெட்கம். என் பாட்டியும் அரசு ஆஸ்பத்திரியில் அப்படித்தான் தலையாட்டுவார். படிவத்தை நீட்டியதும் ‘கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால், கொஞ்சம் நிதானியுங்கள்.

ஆங்கிலத்தில் ‘ஒரு முறை’ என்பதற்கு எழுதும் ‘once’ என்ற அதே எழுத்துகளுக்கு ஸ்பானிஷில் பதினொன்று என்று பொருள். நாள் ஒன்றுக்கு ஒரு மாத்திரை என்று நீங்கள் எழுதியது பதினொன்றாகிவிடலாம். கேட்டால் ஸ்பானிஷிலும் குறிப்பு தர வேண்டும் என்று 2016 முதல் கலிஃபோர்னியா மருந்துக்கடைகளுக்குச் சட்டமே இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் எந்த மொழியிலும் படிக்க வராதவருக்கு அந்தச் சீட்டு என்ன செய்யும்?

சான் பிரான்சிஸ்கோவில் டீன் ஷில்லிங்கர் என்ற மருத்துவரும் குழுவினரும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாசிப்புத் திறன் குறைந்த சர்க்கரை நோயாளிகளிடம் மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதவீதத்தைத்தான், நோயாளிக்கு விளங்கியதா என்று சோதித்திருந்தார்கள். அந்த நோயாளிகள் ஆங்கிலம் பேசியவர்கள். அவர்களுக்கே இந்த நிலை. சோதித்த மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேலாக இருந்தது.

அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன். வீட்டில் மகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். பேனாவை அவர் கையில் கொடுத்து அளவைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கூட வந்த பத்து வயதுப் பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாத்தாவின் சிறுநீர் பற்றியும் கால் புண் பற்றியும் சொல்வது குழந்தையின் வேலையல்ல. அவசர நேரம் தவிர மற்றபடி கூட்டாட்சி விதியும் அதற்கு இடம் தருவதில்லை. பக்கத்தில் ப்ரொமொத்தோராக்கள் இருந்தால் அவர்களிடம் அனுப்புங்கள். அதே தெருவில் குடியிருந்து, வீட்டுக்கே போய்ப் பேசும் சுகாதாரப் பணியாளர்கள் அவர்கள்.

இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அண்ணனுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை முற்றிய பிறகுதான் இன்சுலின் தொடங்கியிருப்பார்கள்; அதற்குள் கண் பழுதாகியிருக்கும். இன்சுலின் போட்டார், கண் போயிற்று: அவர்கள் கண்ணால் பார்த்தது அதுதானே? முதல் ஊசிக்கு முன்பே அதைப் பேசிவிடுங்கள். சர்க்கரைக்கு நோப்பால் கள்ளி சாப்பிடுகிறேன் என்றாலும் சிரிக்காதீர்கள். சாப்பிடட்டும், மாத்திரையும் கூடவே போகட்டும்.

அந்த அம்மாவுக்கு ஓர் அட்டை செய்து கொடுத்தேன். சூரியன் படத்துக்குக் கீழே காலை மாத்திரை, நிலாவுக்குக் கீழே ராத்திரி மாத்திரை, ஒவ்வொன்றும் டேப் போட்டு ஒட்டியது. பின்பக்கம் கிளினிக் போன் நம்பர்; எண்களை அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். இரண்டு மாதம் முன்பு கூப்பிட்டார். ‘மாத்திரை இப்போது வெள்ளையாக இருக்கிறது, சாப்பிடலாமா?’ என்று கேட்டார்.

அன்புடன்,
உங்களோடு வேலை செய்யும் ஒரு நர்ஸ்