கவிதையில் பேசுவது யார் என்று முதலில் சொல்லிக்கொடுங்கள்: ட்யூஷன் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேற்கு சிட்னியில் வார இறுதி ட்யூஷன் நடத்தும் நம்மவர்களுக்கு, வணக்கம்.

எந்த சென்டரைச் சொல்கிறேன் என்பது உங்களில் சிலருக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். பெயர் போட மாட்டேன். அந்த ஆங்கிலக் கவிதை நோட்ஸ் ஒரு சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஜெராக்ஸாகப் போய்க்கொண்டே இருக்கிறது, மேலே இருக்கும் லோகோ மட்டும்தான் மாறுகிறது, அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

விஷயம் ஆஸ்திரேலியக் கவிஞர் க்வென் ஹார்வுட். பதினோராம் வகுப்பில் மகளுடைய பள்ளி அவருடைய கவிதைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நல்ல தேர்வு. நீங்கள் கொடுத்த நோட்ஸில் 'இன் த பார்க்' கவிதைக்குக் கீழே இருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: நான்கு பிள்ளைகளைப் பெற்ற இல்லத்தரசியான கவிஞர், தன் திருமணத்தையும் தாய்மையையும் நினைத்து வருந்தி எழுதிய வாக்குமூலம். அவ்வளவுதான் விளக்கம். அதற்குக் கீழே 'மனப்பாடம் செய்யவும்' என்று தடித்த எழுத்தில் ஒரு பத்தி.

மகள் மனப்பாடம் செய்தாள். இரவு பதினொரு மணிக்கு அடுக்களைக்கு வந்து, "பாவம்மா அவங்க, பெத்த பிள்ளைங்களையே பிடிக்கல போல" என்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "உனக்கும் அப்படித் தோணியிருக்கா?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். ஆனால் பதினாறு வயதுப் பெண் தன் அம்மாவைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி கேட்பதற்கு அந்தக் கவிதை காரணமாக இருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன், நல்ல கவிதை அதைச் செய்யும். உங்கள் நோட்ஸ் காரணமாக இருந்ததுதான் பிரச்சினை.

'இன் த பார்க்' முதலில் அச்சானபோது அதில் ஹார்வுட்டின் பெயரே இல்லை. வால்டர் லேமன் என்ற ஆண் பெயரில் வந்த கவிதை அது. பழைய துணி உடுத்தி பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, நச்சரிக்கும் பிள்ளைகள், எப்போதோ காதலித்தவன் அந்த வழியாக வந்துவிடுகிறான். பார்க்காத மாதிரி இருக்க நேரமில்லை. அவனிடம் பிள்ளைகள் வளர்வதைப் பார்க்க எவ்வளவு இனிமை என்கிறாள். அவன் போன பிறகுதான், மடியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, இதுகள் என்னை உயிரோடு தின்றுவிட்டன என்று காற்றிடம் சொல்கிறாள். அவனிடம் சொன்னதும் காற்றிடம் சொன்னதும் ஒரே வாயிலிருந்து வந்தவை. அந்தப் பெண்ணுக்குக் கவிதையில் பெயர்கூடக் கிடையாது, 'அவள்' மட்டும்தான். இப்போது சொல்லுங்கள், ஒரு கற்பனை ஆண், பெயரில்லாத ஒரு பெண்ணைப் பற்றி எழுதியதாக வெளியான கவிதை எப்படி 'கவிஞரின் வாக்குமூலம்' ஆனது?

வால்டர் லேமன் ஒருவரோடு நிற்கவில்லை. ஃப்ரான்சிஸ் கெய்யர் என்று ஹங்கேரியிலிருந்து வந்த அகதி, டிமோதி க்ளைன் என்று ஓர் இளைஞர், மிரியம் ஸ்டோன் என்று ஓர் இல்லத்தரசி, எல்லோரும் ஹார்வுட்தான். 1961 ஆகஸ்டில் 'புல்லட்டின்' இதழில் வால்டர் லேமன் பெயரில் எலோய்சா, அபலார்ட் என்ற பழங்காலக் காதலர்களைப் பற்றி இரண்டு சானட்கள், அதாவது பதினான்கு வரிக் கவிதைகள், வந்தன. ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழாகப் படித்தால், ஒன்றில் புல்லட்டினுக்கு ஒரு குட்பை, மற்றொன்றில் உலகத்துப் பத்திரிகை ஆசிரியர்கள் அனைவருக்கும் நான் இங்கே எழுத முடியாத ஒரு கெட்ட வார்த்தை. நம் சித்திரகவிக்காரர்கள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். ஆசிரியர்கள் கவிதையைப் படிக்கிறார்களா, கீழே இருக்கும் பெயரைப் படிக்கிறார்களா என்று அந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகம். அச்சில் வந்ததே பதில். விஷயம் வெளியே தெரிந்ததும் ஒரு பத்திரிகை என்ன தலைப்பு போட்டது தெரியுமா? டாஸ்மேனிய இல்லத்தரசியின் குறும்பு என்கிற மாதிரி. ஆர்கன் வாசித்தவர், இசை படித்தவர், தத்துவவாதி விட்கன்ஸ்டைனைக் கரைத்துக் குடித்தவர், இசையமைப்பாளர் லாரி சிட்ஸ்கியின் ஆபராக்களுக்குப் பாடல் வரிகள் எழுதப் போகிறவர். தலைப்பில் இல்லத்தரசி. அறுபது வருஷம் கழித்து உங்கள் நோட்ஸும் அதே சொல்லில்தான் தொடங்குகிறது. அன்றைக்கு அந்தப் பத்திரிகையாவது விலைக்குத்தான் விற்றது, நீங்கள் டெர்ம் ஃபீஸ் வாங்குகிறீர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கவிதைக்கும் மேலே இரண்டு வரி எழுதுங்கள்: இதில் பேசுவது யார், இது முதலில் எந்தப் பெயரில் வந்தது. தீம் எல்லாம் அப்புறம்.

இது நமக்குப் புதிதா? குறுந்தொகையில் ஒவ்வொரு பாட்டின் கீழும் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று போட்டு வைத்திருக்கிறார்கள். 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்று கபிலர் தலைவியாகப் பேசுகிறார். கபிலர் ஏமாந்துபோய் அழுதார் என்று எந்தத் தமிழ் வாத்தியாராவது பாடம் நடத்தியதுண்டா? சுஜாதா என்ற பெயரில் எழுதியவர் ரங்கராஜன் என்று தெரிந்தே வாராவாரம் படித்தவர்கள் நாம். உங்களில் பலர் ஊரில் இதையெல்லாம் படித்துவிட்டு வந்தவர்கள்தான். ஆங்கிலக் கவிதை என்றவுடன் ஏன் மறந்துபோகிறது?

நோட்ஸின் அடுத்த பக்கம் இன்னும் மோசம். இரண்டு பகுதிக் கவிதை ஒன்றின் முதல் பகுதியான 'பார்ன் அவுல்'லுக்குக் 'களங்கமின்மை இழப்பு' என்று ஒரு தீம், அதோடு சரி. விடியற்காலையில் அப்பாவின் துப்பாக்கியைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போய் ஆந்தையைச் சுடுகிறது ஒரு குழந்தை. அது உடனே சாகவில்லை, வைக்கோலில் கிடந்து துடிக்கிறது. பக்கத்தில் வந்து நிற்கும் அப்பா திட்டவில்லை, துப்பாக்கியைப் பிடுங்கவுமில்லை. தொடங்கியதை நீயே முடி என்கிறார். குழந்தை இரண்டாவது முறை சுட்டுவிட்டு, அப்பாவின் கையில் சாய்ந்து அழுகிறது. அடுத்த பகுதி 'நைட்ஃபால்', நாற்பது வருஷம் கழித்து. அதே அப்பாவுக்கு எண்பது வயது, பார்வை போய்விட்டது, இப்போது கை பிடித்து நடத்திப் போவது பிள்ளை. முதல் பகுதியில் சாவைச் சுத்தமான காரியம் என்று நம்பிய அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லும் குரல் குழந்தையின் குரல் அல்ல, சாவு எப்படி இருக்கும் என்று தெரிந்த பெரியவரின் குரல். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அது தெரியும். உங்கள் நோட்ஸில் இரண்டாம் பகுதியே இல்லை. பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டீர்களாம்.

பரீட்சையில் என்ன ஆனது என்பதையும் கேளுங்கள். பள்ளி உங்கள் நோட்ஸில் இல்லாத 'ப்ரைஸ் கிவிங்' கவிதையைக் கொடுத்துவிட்டது. அதில் வருவது எய்சன்பார்ட் என்ற பேராசிரியர், அணு இயற்பியல்காரர், தலைக்கனம் பிடித்த மனுஷன். பெண்கள் பள்ளியில் பரிசு கொடுக்க வேண்டா வெறுப்பாக வருகிறார். செம்பு நிறக் கூந்தல்காரப் பெண் ஒருத்தி மேடையேறி மோட்சார்ட் வாசிக்கிறாள், அத்தனை மிடுக்கும் போய் மனுஷன் பரிசுக் கோப்பையில் தலைகீழாகத் தெரிகிறார். ஹார்வுட்டின் கேலி உச்சத்தில் இருக்கும் கவிதை, யாரைக் கேலி செய்கிறார் என்பதும் தெளிவு. என் மகள் மனப்பாடப் பத்தியை அப்படியே இறக்கி, எய்சன்பார்ட் வழியாகக் கவிஞர் தாய்மையின் சலிப்பை வெளிப்படுத்துகிறார் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். அணு விஞ்ஞானிக்குத் தாய்மைச் சலிப்பு! படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. கவிதை அவளுக்குப் புரிந்திருக்கிறது. "எனக்குத் தெரியும்மா, அவரை நக்கல் பண்றாங்கன்னு. ஆனா சார் கொடுத்ததை எழுதலைன்னா மார்க் போயிடுமே" என்கிறாள். கண் முன்னால் இருப்பதை நம்பாதே, ஜெராக்ஸை நம்பு என்று நாம் சேர்ந்து பழக்கியிருக்கிறோம்.

நாலாம் வகுப்பில் சிறப்பு வகுப்புக்கான ஓ.சி. டெஸ்ட், ஆறாம் வகுப்பில் செலக்டிவ் பள்ளிக்கான டெஸ்ட், அதற்குப் பின் பன்னிரண்டாம் வகுப்பில் உச்ச மதிப்பெண்ணான பேண்ட் 6, பல்கலைக்கழக நுழைவுக்கான ஏட்டார் என்று சனிக்கிழமை முழுக்கக் காரில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பெற்றோர் நாங்கள்தான், யாரும் எங்களைக் கட்டிப்போட்டு இழுத்து வரவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளை போகிறது என்றால் நம் பிள்ளையும் போக வேண்டும், சர்ச்சை இல்லை. ஆனால் கவிதைக்குக்கூட மாடல் ஆன்சர் என்றால், அப்புறம் எதற்குப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு கருத்து? அதையும் நீங்களே அச்சடித்துக் கொடுத்துவிடலாமே, லாமினேட் செய்து.

சரி, எங்கேயோ போய்விட்டேன்.

பணிவாகவே கேட்கிறேன். அடுத்த டெர்முக்கு முன்னால் அந்த நோட்ஸை எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால் 'வாக்குமூலம்' என்ற வரியையாவது அடித்துவிட்டு, பேசுவது யார், முதலில் எந்தப் பெயரில் வந்தது என்று ஒவ்வொரு கவிதைக்கும் மேலே எழுதுங்கள். லேமன், கெய்யர், ஸ்டோன், க்ளைன் நால்வரையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துங்கள், அந்தச் சானட் கதையைச் சொன்னால் வகுப்பில் யாரும் தூங்க மாட்டார்கள். 'நைட்ஃபால்' பகுதியைச் சேருங்கள். 'சபர்பன் சானட்' நடத்தும்போது, குழந்தைகள் கத்த, அடுப்பில் பாத்திரம் பொங்கி வழிய, அந்தப் பெண் எழுந்து ஓடுவது ஃப்யூக் என்ற இசை வடிவத்தைப் பயிற்சி செய்துகொண்டிருந்த இடத்திலிருந்துதான் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இதற்கு நேரமில்லை என்றால் நானே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன், லோகோவை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். மகளை நிறுத்தப் போவதில்லை, கணக்கு நீங்கள் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பதினோராம் வகுப்பு மாணவியின் அம்மா