மாற்று இதயத்தோடு வருபவருக்குச் சீட்டு எழுதும் முன்

தாலுகா, மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மெடிக்கல் ஷாப் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் இதய மாற்று முடிந்து ஊர் திரும்பியவருக்குக் காய்ச்சலோ பேதியோ வந்தால், முதலில் ஏறுவது உங்கள் படிதான். தானமாகக் கிடைத்த இதயத்தை 4 மணி நேரத்துக்குள் பொருத்த, போக்குவரத்தையே நிறுத்தி வழிவிடுகிறோம். அந்த இதயத்தை ஒரு சாதாரண மருந்துச் சீட்டு கெடுத்துவிடலாம்.

உடல் புது இதயத்தை நிராகரிக்காமல் தடுக்க, அவர் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்ரோலிமஸ் என்ற மருந்தைச் சாப்பிடுகிறார். ரத்தத்தில் அதன் அளவு முதல் சில மாதங்கள் மில்லிலிட்டருக்கு 10 முதல் 15 நானோகிராம் வரை, பிறகு 5 முதல் 10 வரை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கூடினால் கை நடுங்கும், சிறுநீரகம் அடிபடும். குறைந்தால் உடல் இதயத்தை நிராகரிக்கும். பேதியில் அளவு குறையும் என்றுதான் தோன்றும், பெரும்பாலும் ஏறும்.

சளிக்குக் கிளாரித்ரோமைசினும் படர்தாமரைக்கு ஃப்ளுகோனசோலும் சட்டென்று எழுதிவிடுகிறோம். டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை இவை முடக்குவதால், சில நாளிலேயே அளவு எகிறும். அசித்ரோமைசினில் இந்தத் தொல்லை வெகு குறைவு. காசநோய்க் கூட்டு மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசின் நேர்மாறு: நொதியை முடுக்கி அளவைப் பாதாளத்துக்குத் தள்ளும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ரிஃபாம்பிசினுக்குப் பதில் ரிஃபாபுடின் போதுமா, டாக்ரோலிமஸை எவ்வளவு கூட்டுவது என்று இதய மாற்று மையத்தோடு பேசியே தொடங்குங்கள். சிகிச்சை முடியும்போதும் பேசுங்கள். ரிஃபாம்பிசின் நின்ற இரண்டு வாரத்தில் நொதி அடங்கிவிடும். கூட்டிய டோஸ் அப்போது நஞ்சு. வலிக்கு டைக்லோஃபெனாக் ஊசி வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

அளவு பார்க்க ரத்தம் எடுப்பதில்தான் அதிகம் தவறுகிறது. காலை மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும். லேப் 9 மணிக்குத்தான் திறக்கும், நோயாளி 8 மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். அந்த ரத்தத்தில் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். யாரோ டோஸைக் குறைப்பார்கள், நிராகரிப்பு தொடங்கும். மாத்திரையைக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள், ரத்தம் எடுத்த கையோடு விழுங்கட்டும். ஊதா மூடிக் குழாயில் முழு ரத்தமாக அனுப்புங்கள். மருந்து சிவப்பணுக்களில் தங்குவதால் சீரம் பிரித்தால் வீண்.

புது இதயத்துக்கு நரம்பு இணைப்பு கிடையாது. ஓய்விலும் துடிப்பு 90 முதல் 110 வரை இருக்கும். அதைக் குறைக்க முயலாதீர்கள். துடிப்பு குறைந்தால், நரம்பு வழியாகத் துடிப்பைக் கூட்டும் அட்ரோபினை நம்பவும் வேண்டாம். ரத்தக்குழாய் அடைத்தாலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம். மூச்சிரைப்பு, கால் வீக்கம், இரண்டு நாளில் 2 கிலோ எடை கூடுவது, இவையே எச்சரிக்கை. 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

மெடிக்கல் ஷாப்காரர்களே, டாக்ரோலிமஸில் நாளுக்கு ஒரு வேளை போடும் கேப்சூலும் இரு வேளை போடும் கேப்சூலும் வேறு வேறு. “அதே மருந்துதான்” என்று மாற்றிக் கொடுக்காதீர்கள். கம்பெனி மாறினாலும் நோயாளியிடம் சொல்லுங்கள், மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். (பம்பளிமாஸ் பழமும் ஆகாது என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள்.)

சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் மாற்று மையத்தை அழையுங்கள், சீட்டு எழுதுவதற்கு முன்.

இப்படிக்கு,
இதய மாற்றுக்குப் பிந்தைய பராமரிப்பில் பணிபுரியும் செவிலியர்கள், மருந்தாளுநர்கள்