செயலாளரின் ஆண்டறிக்கை: ஆயில் மாற்றும் கணக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் லாரி உரிமையாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா வசூல், காப்பீட்டுப் புதுப்பிப்பு, தகுதிச் சான்று வேலைகள் தடங்கலின்றி நடந்தன. இந்த ஆண்டு நாம் புதிதாகக் கையில் எடுத்தது எஞ்சின் ஆயில் பரிசோதனை. அதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும்.

நம்மில் சிலர் ஆயில் கறுத்ததும் இறக்கிவிடுகிறார்கள். சிலர் கைச்செலவுக்கு அஞ்சித் தள்ளிக்கொண்டே போகிறார்கள். இருவரும் நம்புவது டிப் ஸ்டிக் எனும் ஆயில் அளவுக் கம்பியையும் விரலையும்தான். ஆனால் டீசல் எஞ்சினில் ஊற்றிய ஆயில் வெகு சீக்கிரம் கறுத்துவிடும். எரிந்த டீசலின் கரி கட்டிதட்டிப் படியாமல் அதை மிதக்க வைப்பதற்காகவே ஆயிலில் மருந்து சேர்க்கிறார்கள். கறுப்பு என்பது அந்த மருந்து வேலை செய்வதன் அடையாளம். ஆயில் இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதை நிறத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நாம் அனுப்பும் ஆயில் மாதிரியில் பரிசோதனைக்கூடம் முதலில் பார்ப்பது பாகுத்தன்மையை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை. அதன் அளவுதான் சென்டிஸ்டோக். நாம் பெரும்பாலும் ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயில் புதிதாக இருக்கும்போது 100 டிகிரி செல்சியஸில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை இருக்கும். டீசல் கசிந்து கலந்தால் அது இறங்கும். கரி மிகுந்தால் ஏறும். அடுத்தது டி.பி.என். எனப்படும் காரத்தன்மை அளவு. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலத்தை முறிப்பது இந்தக் காரம்தான். புது ஆயிலில் இருந்ததில் பாதியாக அது குறைந்தால் மாற்றிவிடுவது பொதுவான வழக்கம். வண்டிப் புகைக்கான அரசு விதிப் படிகளில் (பாரத் ஸ்டேஜ், சுருக்கமாக பிஎஸ்) ஒன்றான பிஎஸ்-3 டீசலில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டது. பிஎஸ்-4இல் அது 50 ஆனது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வந்த பிஎஸ்-6 டீசலில் 10 மட்டுமே. அப்பா காலத்து ஆயில் கணக்கு அந்தக் கால டீசலுக்கானது. இன்று அதையே பிடித்துக்கொண்டு நல்ல ஆயிலைக் கீழே இறக்குவது வீண் செலவு.

அறிக்கையில் உலோகங்களின் பட்டியலும் வரும். இரும்பு கூடினால் சிலிண்டரின் உள்ளுறையான லைனர் பக்கம் பார்க்க வேண்டும்; குரோமியம் என்றால் பிஸ்டன் ரிங்; ஈயமும் செம்பும் என்றால் பேரிங். சோடியமோ பொட்டாசியமோ ஏறினால் கூலன்ட் கசிகிறதா என்று தேட வேண்டும். சிலிக்கான் என்றால் பெரும்பாலும் மண் தூசிதான்.

இதற்குச் சான்றாக நம் உறுப்பினர் ஒருவரின் டிப்பரைச் சொல்கிறேன். கிரஷரிலிருந்து எம் சாண்ட் ஏற்றும் வண்டி. ஓட்டத்தில் குறையில்லை, புகையில்லை. அறிக்கையில் மட்டும் சிலிக்கானும் அலுமினியமும் இரும்பும் சேர்ந்து ஏறியிருந்தன. ஏர் ஃபில்டரை மாற்றி அதிக நாளாகவில்லை என்று ஓட்டுநர் உறுதியாகச் சொன்னார். அது உண்மைதான். ஃபில்டரைத் தாண்டி, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்குப் போகும் ஹோஸை மெக்கானிக் கழற்றினார். கிளாம்ப் தளர்ந்திருந்த இடத்தில், ஹோஸின் உட்புறம் விரல் அகலத்துக்கு மாவு போன்ற சாம்பல் நிறத் தூசி கோடாகப் படிந்திருந்தது. ஒரு கிளாம்ப், ஒரு ஆயில் மாற்றம், அத்தோடு முடிந்தது. அப்படியே ஓடவிட்டிருந்தால் எஞ்சினைப் பிரித்து சிலிண்டரைக் கடையும் போர் வேலை பார்க்க வேண்டியிருக்கும். ஆனி, ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் மண்ணை வாரி வீசும் நாட்களில் எல்லா உறுப்பினர்களும் இந்த ஹோஸைப் பார்த்துவிடுங்கள்.

கொச்சித் துறைமுகத்துக்கு நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிகளின் கதை வேறு. கம்பெனி சொன்ன கிலோமீட்டரை எட்டியபோதும் அவற்றின் ஆயில் திடமாகவே இருந்தது. அந்த வண்டிகளுக்கு ஆயில் மாற்றும் கெடுவைச் சிறிது சிறிதாக நீட்டி, ஒவ்வொரு படியிலும் மாதிரி எடுக்கிறோம். டிப்பருக்கு இந்தச் சலுகை கிடையாது. லோடுக்குக் காத்திருக்கும்போதும் தொட்டியைத் தூக்கும்போதும் எஞ்சின் ஓடுகிறது. மீட்டரில் கிலோமீட்டர் ஏறுவதில்லை. டிப்பருக்கு எஞ்சின் ஓடிய மணிக்கணக்கே சரி.

மாதிரி எடுப்பதில் கவனம் தேவை. எஞ்சின் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பிலிருந்து இறக்கினால் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டு நடுவில் பிடிக்க வேண்டும். பாட்டில் சுத்தமாக, ஈரமின்றி இருக்கட்டும். ஆயில் ஊற்றியபின் ஓடிய தூரத்தையும் இடையில் டாப் அப் செய்த அளவையும் எழுதாத மாதிரியால் பாதிப் பயன்தான். ஒரே அறிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அடுத்தடுத்த அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் போக்கு புரியும். வாரன்டியில் உள்ள வண்டிகளுக்கு கம்பெனி கெடுவைத் தாண்டவே கூடாது. பெரிய உலோகத் துகள்கள் வழக்கமான சோதனையில் சிக்காது. ஆகவே பழைய ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டாம். மின்னும் சில்லுகள் தெரிந்தால் அறிக்கைக்குக் காத்திராமல் வண்டியை நிறுத்துங்கள்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு மூன்று கோரிக்கைகளை வைக்கிறது. டிப் ஸ்டிக் குழாய் வழியே மாதிரி உறிஞ்சும் கை பம்ப் ஒன்றைச் சங்கச் செலவில் வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் வரும் அறிக்கைகளைப் பட்டறைகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கிச் சொல்ல இரு உறுப்பினர்கள் முன்வர வேண்டும். இறக்கிய பழைய ஆயிலை உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் மட்டுமே கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். அது தென்னந்தோப்பு வாய்க்காலில் கலப்பதை இந்தச் சங்கம் பார்த்துக்கொண்டிருக்காது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்