பூத்தும் காய்க்காத பிளம்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வீட்டுத் தோட்டம் அமைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, குளிரைத் தாங்கி விரைவில் பழுக்கும் கலப்பினப் பிளம்ஸ் இரகங்களைப் பரிந்துரைத்திருந்தது. பரிந்துரை சரியானதே. ஆனால் அந்த மரங்கள் காய்ப்பதற்கு இன்றியமையாதது, மகரந்தம் தரும் ஒரு துணை மரம்; அதைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இங்கு வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, ஒரே ஒரு கன்றை நட்டுவிட்டு, மே மாதந்தோறும் மரம் முழுக்கப் பூவைப் பார்த்தும் ஆகஸ்டில் ஒரு பழம்கூடப் பறிக்க முடியாமல் ஏமாறுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெப்பநிலை −30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகக்கூடிய ஊர் இது. சந்தையில் நாம் வாங்கும் பெரிய, சாறு நிறைந்த ஜப்பானியப் பிளம்ஸின் பூமொட்டுகள் அத்தகைய குளிரில் கருகிவிடும். ஆற்றோரப் புதர்களில் தானாக வளரும் அமெரிக்கக் காட்டுப் பிளம்ஸ் அக்குளிரைத் தாங்கும் என்றாலும், அதன் பழம் சிறியது, தோல் துவர்ப்பானது. இவ்விரண்டையும் கலந்து, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் எக்செல்சியர் பழமரப் பண்ணை 1920-இல் ‘அண்டர்வுட்’ இரகத்தை வெளியிட்டது. அது இன்றும் இப்பகுதியில் முதலில் பழுக்கும் இரகங்களுள் ஒன்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரிவர் ஃபால்ஸ் வளாகத்தில் பிரையன் ஸ்மித் உருவாக்கிய ‘பிளாக் ஐஸ்’ அண்மைக் காலத்தது. மணற்செர்ரி என்னும் புதர்ச்செடியின் குளிர் தாங்கும் தன்மையும் ஜப்பானியப் பிளம்ஸின் பருமனும் அதில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. செப்டம்பரிலேயே உறைபனி எட்டிப்பார்க்கும் வட மாவட்டங்களில், ஆகஸ்டில் பழுத்து முடியும் மரத்தின் அருமையை அங்கே இருப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

சிக்கல் மகரந்தத்தில்தான் இருக்கிறது. இந்தக் கலப்பின மரங்கள் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. அதுமட்டுமன்றி, வேறொரு கலப்பின மரத்தை அருகில் நட்டாலும் பெரும்பாலும் போதிய பயன் கிடைப்பதில்லை, ஏனெனில் அவற்றுள் பலவற்றின் மகரந்தம் வீரியம் குறைந்தது. சேர்க்கை நடைபெறாத பூவின் அடிப்பகுதி சிறிது பருத்து, பிஞ்சு பிடித்துவிட்டது என்ற நம்பிக்கையை நமக்குத் தந்துவிட்டு, சில வாரங்களில் காம்போடு உதிர்ந்துவிடும். எரு போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் உரமிடுவோர் உண்டு. அது குளிர்காலத்துக்கு முன் முற்ற வேண்டிய கிளைகளை இளந்தளிராகவே நிறுத்தி, மரத்துக்குத் தீங்கு செய்கிறது.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. ‘மவுண்ட் ராயல்’ போன்ற ஐரோப்பியப் பிளம்ஸை அருகில் நட்டுவிட்டு, இரண்டு மரமாயிற்று என்று நிம்மதி அடைகிறார்கள். ஐரோப்பியப் பிளம்ஸுக்கு 48 குரோமோசோம்கள், நம் கலப்பினங்களுக்கோ 16. ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்கு உதவாது. முக்கியமாக உதவக்கூடியவை, அதே நாட்களில் பூக்கும் அமெரிக்கக் காட்டுப் பிளம்ஸும், தெற்கு டகோட்டாவில் நீல்ஸ் ஹான்சன் உருவாக்கிய, கலப்பினமாயினும் வீரியமான மகரந்தம் கொண்ட ‘டோக்கா’ இரகமும். டோக்காவின் பழமும் மணம் மிக்கது என்பதால், இடம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் அதையே சொல்வேன். தேனீ எளிதில் சென்று வரும் தூரத்தில், பதினைந்து மீட்டருக்குள் துணை மரம் இருப்பது நல்லது.

தனி மரம் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், துணைக்கன்று வளர்ந்து பூக்கும்வரை கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. அக்கம்பக்கத்தில் காட்டுப் பிளம்ஸ் மரம் வைத்திருப்பவரிடம் கேட்டு, பாதி விரிந்த பூக்களோடு சில கிளைகளை வெட்டி வாங்கி, தண்ணீர் நிரப்பிய வாளியில் நிறுத்தித் தம் மரத்தடியில் வைத்தால், மற்றதைத் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். இந்த முறையை நான் கையாண்டிருக்கிறேன். வாளி வைத்த பக்கத்துக் கிளைகளில் காய் நெருக்கமாகவே பிடித்தது. பூத்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்து தெளிப்பதை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும்.

கிளைகளில் கரிக்கட்டை போல முண்டு முண்டாகத் தோன்றும் கருமுடிச்சு நோயையும் அக்கட்டுரை விட்டுவிட்டது. அதற்குச் சிகிச்சை கவாத்துதான்: குளிர்காலக் கடைசியில், முண்டுக்குக் கீழே குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளிக் கிளையை வெட்டி, வெட்டியதை எரித்துவிட வேண்டும். அருகிலுள்ள காட்டுப் பிளம்ஸ் புதரிலும் இந்நோய் குடியிருக்கும் என்பதால் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

இங்குள்ள நாற்றுப் பண்ணைகள் விற்கும் கன்றுகளின் அட்டையில் எத்தனை டிகிரி குளிரைத் தாங்கும் என்பது பெரிதாக இருக்கும். துணை மரம் பற்றிய குறிப்பு பெரும்பாலும் பொத்தாம்பொதுவாக, “மற்றொரு பிளம்ஸ் தேவை” என்ற அளவில் நின்றுவிடும். ஆகவே இப்பொருளில் தாங்கள் மீண்டும் கட்டுரை வெளியிடும்போது, ஒவ்வோர் இரகத்தின் பெயருக்கு அருகிலும் அதற்குத் துணையாக நட வேண்டிய மரத்தின் பெயரையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கன்றுகளுக்கு முன்பதிவு செய்யும் பருவத்துக்கு முன்பே அது வெளிவந்தால் வாசகர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

தங்கள் வாசகர்,
மின்னசோட்டா