பெருங்காயத்துக்குள் இருக்கும் கோதுமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள புரதம். 'குளூட்டன் இல்லாத உணவு' என்ற பெயரில் வரும் பல சமையல் குறிப்புகள் கோதுமை, மைதா, ரவை, சேமியா ஆகியவற்றை விலக்குவதோடு நின்றுவிடுகின்றன. குளூட்டன் பட்டால் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்கும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இது போதாது. சிறிதளவு குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலும் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகள் சிதையும். இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. அவர்களை மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகள் எழுதப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நம் சமையலில் இதற்காகப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. அரிசி, கேழ்வரகு, சோளம், கம்பு, தினை எதிலும் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் அப்படியே பொருந்தும் இரவு உணவு. கோதுமை நுழைவது வேறு வழிகளில்.

முதல் வழி பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பிசினின் நெடி தாங்க முடியாதது என்பதால் கோந்தும் மாவும் கலந்தே விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கோழிக் குழம்புக்குப் பெருங்காயம் வேண்டியதில்லை. ஆனால் கூட வைக்கும் ரசத்தில் விழுந்துவிடும். கடையில் வாங்கும் ரசப்பொடி, சாம்பார்ப் பொடியிலும் இருக்கும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி குளூட்டன் உள்ள தானியத்தைப் பொட்டலத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும். 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணெயில் பொரிக்கும் கோழிக்கான மசாலாப் பொட்டலம், சோயா சாஸ் இரண்டையும் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இரண்டாவது, மாவு மில். கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அடுத்து நம் கேழ்வரகு விழுகிறது. ஒரு படி அரிசியை முதலில் ஓட்டிக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். இடுக்கில் தங்கிய மாவு அதில் முழுதாக வெளியேறாது. கேழ்வரகைப் பொறுக்கி, மூன்று முறை கழுவி, நன்றாகக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைப்பதுதான் பாதுகாப்பு. ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் போடாமல், விட்டுவிட்டு ஓட்டுங்கள். சூடேறினால் மாவு ஜாரில் ஒட்டும். கோதுமை சலித்த சல்லடை வேண்டாம், தனியாக ஒன்று வையுங்கள்.

இனி குழம்பு. நான்கு பேருக்குத் தோல் நீக்கிய நாட்டுக்கோழி 750 கிராம். மல்லி 3 மேசைக்கரண்டி, வரமிளகாய் 8, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, பட்டை ஒரு துண்டு. இவற்றை வெறும் சட்டியில் வறுத்து வீட்டிலேயே அரையுங்கள். நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி போதும். சின்ன வெங்காயம் 150 கிராம், இஞ்சி பூண்டு, ஒரு தக்காளி வதங்கியதும் கறி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து ஐந்து நிமிடம் பிரட்டி, மசாலாவும் இரண்டு டம்ளர் தண்ணீரும் விட்டு குக்கரில் 5 விசில். முற்றிய கோழிக்கு இன்னும் இரண்டு. பிராய்லர் என்றால் குக்கர் வேண்டாம், மூடிய சட்டியில் 25 நிமிடம். அதற்கு மேல் போனால் நார் நாராகும். குழம்பு கெட்டிப்பட மாவு கரைத்து ஊற்றாதீர்கள். கால் மூடித் தேங்காயும் ஒரு தேக்கரண்டி கசகசாவும் அரைத்துக் கடைசியில் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். அதிகம் கொதித்தால் தேங்காய் திரியும்.

களிக்குக் கால் டம்ளர் அரிசி நொய்யை 5 டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். அரை டம்ளர் கொதிநீரை எடுத்து வைத்துவிட்டு, 2 டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவித்துக் கொட்டுங்கள். கிளறக் கூடாது. தீயைக் குறைத்து, களிக்கோலால் நடுவில் நான்கு துளை போட்டு, மூடி, பத்து நிமிடம். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அழுத்திக் கிண்டுங்கள். இறுகினால் எடுத்து வைத்த நீரைத் தெளியுங்கள். கட்டி விழுவதற்குக் காரணம் அவசரம்: மாவின் வெளிப்புறம் மட்டும் வெந்து, உள்ளே பச்சை மாவை மூடிவிடுகிறது. நனைத்த விரலில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. களிக்கோல் கோதுமைக் களி கிண்டியதாக இருந்தால் வேறு வாங்குங்கள். மரத்தின் வெடிப்பில் மாவு தங்கும்.

பூரி பொரித்த எண்ணெயில் கோழி பொரிக்கக் கூடாது. சமையல் சூட்டில் குளூட்டன் அழிவதில்லை. சப்பாத்தி போட்ட இரும்புக் கல்லும் அப்படியே. களிக்குப் பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல், மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. இரும்புச்சத்து ஏறுவதற்கு அது உதவும்.

வயிற்று உப்புசத்துக்காகத் தாங்களாகவே கோதுமையை நிறுத்துகிறவர்கள், நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்தி மாதக்கணக்கானபின் செய்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடலாம்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர் ஒருவர்,
சேலம்.