அந்த வீட்டில் அழுதது பேய் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் செட்டிநாட்டுப் 'பேய் வீடுகள்' பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பெரிய படத்தோடு வந்திருப்பது தேவகோட்டைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீடு. ஊர்ப் பெயரைப் போடாமல் விட்டிருந்தாலும், முகப்பில் இருக்கும் கஜலட்சுமி சுதையில் ஒரு யானைக்குத் துதிக்கை உடைந்திருப்பதை வைத்தே பங்காளிகள் எல்லாரும் கண்டுகொண்டார்கள். 'நள்ளிரவில் குழந்தை அழும் குரல் கேட்கும் என்கிறார்கள் ஊர்க்காரர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர்க்காரர்கள் பொய் சொல்லவில்லை. குரல் கேட்டது உண்மைதான். அழுதது நான்.

ஆத்தா, அதாவது என் அம்மா, இறந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பச்சி (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பினாங்கில் இருந்தார். என்னை வளர்க்கும் பொறுப்பு பெரியாத்தாவுக்கு வந்தது. சோற்றைச் சிந்தினாலும், வாய்ப்பாடு ஒப்பிக்காவிட்டாலும், படுக்கையை நனைத்தாலும் வளவின், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியின், கோடியில் உள்ள அறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டுவிடுவார். அந்த அறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கியவை, பிறகு சீர்ச் சாமான் அடுக்கும் இடமாகிவிட்டன. நான் கிடந்த அறைக்குச் சன்னல் கிடையாது. கனத்த சுவர், பர்மா தேக்குக் கதவு, உள்ளே பித்தளை அண்டாக்களும் மங்குச் சாமான்களும். கதவைச் சாத்தினால் நீட்டிய கை தெரியாது. சில நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அடைத்தால் பால்காரர் வரும்போதுதான் திறப்பார். மறுநாள் பெரியாத்தாவே கவுனி அரிசி கிண்டி ஊட்டிவிடுவார். அதனால் இதை வெளியே ஒரு குறையாகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் தெருவில் அப்போதே பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது, அங்கே லேவாதேவியும் வயலுமாக இருந்த எங்கள் சமூகத்தினர், நகரத்தார் பலர், போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். 1948-இல் பர்மா அரசு கொண்டுவந்த நில நாட்டுடைமைச் சட்டம் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. இங்கே இவ்வளவு பெரிய வீட்டுக்கு ஓடு மாற்றக்கூட வருமானம் இல்லை. விற்கலாம் என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். வீடு பூட்டிக் கிடந்தால் வௌவால் வரும், ஓட்டின்மேல் மரநாய் ஓடும், கூகை அலறும். பகலெல்லாம் காய்ந்த தேக்கு உத்திரம் ராத்திரி குளிரும்போது படாரென்று சத்தம் போடும். உங்கள் நிருபர் தங்கிக் கேட்ட 'மர்ம ஒலிகள்' இவைதாம். உள்ளே கிடந்து இதையெல்லாம் கேட்ட பிள்ளைக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

என் அழுகையையும் ஊர் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். சில வருஷத்துக்கு முன்பு, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு ஆச்சி, எண்பதைத் தாண்டியவர், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ராத்திரியில புள்ள அழுகிற சத்தம் கேக்கும் ஆத்தா. காத்துக் கருப்புன்னு சொன்னாக. நாங்களும் கதவைச் சாத்திக்கிட்டோம்." அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பேய் என்று பெயர் வைத்தாகிவிட்டால் யாரும் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிட்டதாகவும் ஆகாது. நான் பேச்சைக் குறைத்துக்கொண்டபோதுகூட 'பயந்த கோளாறு' என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். எதைக் கண்டு பயந்தாய் என்று கேட்டவர் இல்லை.

இத்தனைக்கும் நாங்கள் செத்தவர்களைக் கண்டு ஓடுகிற சமூகம் இல்லை. முன்னோருக்குப் புதுத்துணி எடுத்து, இலை போட்டுச் சோறு படைத்து, அதே வீட்டில் விழுந்து கும்பிடுகிறவர்கள். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

'கோடி அறைக்கு மட்டும் தாழ்ப்பாள் நிற்பதில்லை, எத்தனை முறை மாட்டினாலும் கழன்று விழுகிறது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னது நான். பங்காளிகள் சம்மதத்தோடு ஆசாரியை வரவழைத்துக் கழற்றினேன். யாரும் திரும்ப மாட்டிப் பார்க்கவில்லை.

இன்று எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்னமும் படுக்கையறைக் கதவைச் சாத்தி என்னால் தூங்க முடியாது. மகள் வீடு ஏழாவது மாடி. லிப்டில் ஏறாமல் நின்று நின்று படியேறித்தான் போகிறேன். இரும்புத் தாழ் இழுபடும் சத்தம் கேட்டால் தொண்டை அடைத்துவிடும். பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்திலும் அப்படித்தான். முதுகு வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது, அந்தக் குழாய்க்குள் பாதி உடம்பு போனதுமே அலறிவிட்டேன். அங்கே வேலை பார்த்த பெண் முகம் சுளிக்காமல் தண்ணீர் கொடுத்து, "மனநல மருத்துவரை ஒரு தடவை பாருங்கம்மா" என்றாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

மதுரையில் நான் பார்க்கும் மருத்துவர் விளக்கினார். ஆபத்தை உணர்த்துவதற்கு மூளையில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறதாம். திரும்பத் திரும்பப் பயந்த குழந்தைக்கு அது எந்நேரமும் விழித்தே இருக்கப் பழகிவிடுகிறது. பயமுறுத்தியவர் செத்துப்போன பிறகும் அது அடங்குவதில்லை. அமெரிக்காவில் வின்சென்ட் பெலிட்டி, ராபர்ட் அண்டா என்ற மருத்துவர்கள் 9,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டு, 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடி, மனத்தை நோகடிக்கும் கொடுமை, பாலியல் கொடுமை, தாய் அடிவாங்குவதைப் பார்ப்பது, வீட்டில் குடிகாரர் இருப்பது போன்றவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, குடிப்பழக்கம் ஆகியவற்றுக்கான அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. இதய நோயும் அதிகம். மருத்துவர் இதைச் சொன்னபோது எனக்கு ஒரு பெரிய ஆறுதல். என்னைப் பிடித்தது காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. பெயர் சொல்லி வைத்தியம் பார்க்கிற ஒன்று. மாத்திரையும் உண்டு, பேச்சும் உண்டு. இப்போது அவருடைய அறையில் கதவைச் சாத்திவிட்டு உட்கார என்னால் முடிகிறது.

வகுப்பில் எனக்குச் சில பிள்ளைகளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கதவோரம்தான் உட்காருவார்கள், ஸ்கேல் கீழே விழுந்தால் துள்ளுவார்கள். அவர்களை 'மக்கு' என்றும் 'திமிர்' என்றும் ஆசிரியர்கள் அறையில் பேசியதைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வீட்டில் வளர்க்கிறவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் இருட்டறையில் அடைப்பதை இன்றைக்கும் எங்கள் பக்கம் 'கண்டிப்பு' என்றுதான் சொல்கிறார்கள். பாத்ரூமில் போட்டு அடைக்கும் இளம் தாய்மார்களை நானே பார்க்கிறேன்.

இந்தத் தொடர் இன்னும் சில வாரம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த வீட்டைப் பற்றி எழுதும் முன், அங்கே யார் வாழ்ந்தார்கள், அவர்களில் குழந்தைகள் யார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று உங்கள் நிருபரை விசாரிக்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098, மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்களைக் கட்டுரையின் அடியில் கட்டம் கட்டிப் போடுங்கள். எங்கள் வீட்டுப் படத்தை மறுபடி வெளியிடுவதானால் இந்தக் கடிதத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும். என் பெயரை மட்டும் போட வேண்டாம். பங்காளிகள் வீடுகளில் இன்னும் கல்யாணம் பேச வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.