கடலுக்குள் கால் வைத்த ரயில்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு வழக்கமான காரணம்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம். கோபாலு மறுபடியும் ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்கிறான். மிச்சத்தை நீயே ஊகித்துக்கொள்.

மகள் இருக்கும் இங்கிலாந்தின் பிரைட்டனில் கடற்கரையோரம் ஒரு ‘பொம்மை ரயில்’ ஓடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொம்மையாடா அது? உலகத்தில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிற மின்சார ரயில்களில் அதுதான் மூத்தது. அந்த ஊர்க்காரர் மேக்னஸ் வோல்க் 1883 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஓட்டிக் காட்டியது. ஆரம்பத்தில் 2 அடி அகலப் பாதை, 50 வோல்ட் மின்சாரம். மின்சாரம் போவதும் திரும்புவதும் அதே இரண்டு தண்டவாளம் வழியாகத்தான். கடல் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் அது கசியாமல் என்ன செய்யும்? 1886இல் மின்சாரத்துக்கென்று மூன்றாவது தண்டவாளம் போட்டார்.

சரி, அதில் ஏறிவிட்டாய். அதன் செத்துப்போன தம்பியைப் பார்க்காமல் ஊர் திரும்பிவிடுவாயோ என்பதுதான் என் கவலை.

வோல்க் பாதையைக் கிழக்கே ராட்டிங்டீன் வரை நீட்ட நினைத்தார். வழியெல்லாம் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்து. மேலே ஏற்றுவது கஷ்டம், அடியில் பாலம் கட்டினால் பணம் கொட்டும். மனுஷன் தண்டவாளத்தைக் கடலுக்குள்ளேயே போட்டுவிட்டார்! கடலடிப் பாறையில் கான்கிரீட் கட்டைகளைப் பதித்து, அவற்றின் மேல் இரண்டு ஜோடித் தண்டவாளம். ஒரு கோடித் தண்டவாளத்திலிருந்து மறு கோடித் தண்டவாளம் வரை 18 அடி. அதன் மேல் 23 அடி உயரத்தில் நான்கு இரும்புக் கால்கள், கால்களின் மேல் 45 அடி நீளத் தளம், அதில் கூடம், நாற்காலி எல்லாம். வண்டியின் பெயர் ‘பயனீர்’, எடை 45 டன். சனங்கள் வைத்த பெயர் ‘டாடி லாங் லெக்ஸ்’, அதாவது நீளக்கால் பூச்சி. கோபாலுவுக்கு நாம் வைத்ததை நினைத்துச் சிரிக்காதே.

மோட்டார் இரண்டும் தளத்தில், ஒவ்வொன்றும் 25 குதிரைத்திறன். இரண்டு கால்களுக்குள் சுழல்தண்டு இறங்கிச் சக்கரத்தைச் சுற்றும். மற்ற இரண்டு கால்களுக்குள் பிரேக் கம்பி. கரைப்பக்கக் கம்பங்களில் கட்டிய மேல்கம்பியிலிருந்து 500 வோல்ட். மின்சாரம் திரும்பிப்போக தண்டவாளம் உண்டு. கடல் ஏறியிருந்தால் கடலும் உண்டு. தண்ணீரில் போகிறதல்லவா, சட்டப்படி அது கப்பல். அதனால் தகுதி பெற்ற கப்பல் கேப்டன் ஒருவர், ஒரு உயிர்காப்புப் படகு, மிதவை வளையங்கள். ரயிலில் லைஃப்போட்!

1896 நவம்பர் 28இல் திறப்பு விழா. ஆறே நாளில், டிசம்பர் 4 ராத்திரி புயல். கடலுக்குள் நீண்டிருந்த, 1823இல் கட்டிய சங்கிலிப் பாலம் அன்றைக்குத்தான் அடித்துக்கொண்டு போனது. பயனீரும் பக்கவாட்டில் சாய்ந்தது. கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். அது தப்பு. கால்களை இன்னும் 2 அடி உயர்த்தி 1897 ஜூலையில் மறுபடி ஓட்டினார்கள். அந்த வருஷம் மட்டும் 44,000 பேருக்கு மேல் ஏறினார்கள்.

நிஜமான நோய் வேறு. கடல் ஏறினால் நான்கு கால்களும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும்; அதற்கு 50 குதிரைத்திறன் எந்த மூலைக்கு? வண்டி ஊரும். பெரிய மோட்டார் போடக் காசில்லை. அப்படியும் இழுத்துக்கொண்டு ஓடியதை முடித்து வைத்தது தூண்டில் வளைவு, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டுகிற தடுப்பு. கூழாங்கல் ஓடாமல் தடுக்கப் பாதைக்குப் பக்கத்திலேயே அதைக் கட்டினார்கள். ஒரு பக்கம் சேர்த்தால் மறுபக்கம் அரிக்கும். நம் மீனவர் குப்பங்களில் கேட்டால் யாரும் சொல்வார்கள். 1900இல் கான்கிரீட் கட்டைகளுக்கு அடியில் குழி விழுந்து இரண்டு மாதம் மூடல். அடுத்து நகரசபை இன்னொரு தடுப்புக்காகப் பாதையை ஆழத்துக்குத் தள்ளிப் போடச் சொன்னது. பணம் ஏது? 1901 ஜனவரியோடு சரி. 1910இல் எல்லாம் பழைய இரும்புக்கு.

கட்டைகள் மட்டும் இன்னும் கிடக்கின்றன. பார்க்கிற முறையைச் சொல்கிறேன், கவனமாகப் படி. அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் கடல் நன்றாக உள்வாங்கும். அங்கே அது பெரும்பாலும் விடிகாலையும் சாயங்காலமும் ஆறு மணியை ஒட்டி வரும். அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றுகிற நேரத்துக்கு ஒரு மணி முன்னால் இறங்கு. பிரைட்டன் மரினா என்கிற படகுத்துறையிலிருந்து பாறையடி நடைபாதையில் கிழக்கே ஓவிங்டீன் பக்கம் போ. நேர்கோட்டில் வரிசையாகப் பாசி பிடித்த கட்டைகள் தெரிந்தால் அதுதான். செருப்போடு இறங்காதே, பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள், பாசி வழுக்கும். பாறைச் சுவரை ஒட்டி நிற்காதே, கல் உதிரும். தண்ணீர் திரும்ப ஆரம்பித்ததும் ஏறிவிடு. நல்ல ஓத நாளில் கிட்டத்தட்ட 6 மீட்டர் ஏறுகிற கடல் அது, உன் நடை எனக்குத் தெரியும்.

கையில் ஒரு அளவு நாடா கொண்டுபோ. வெளிப்பக்கத் தண்டவாளங்கள் இருந்த இரண்டு இடத்துக்கும் நடுவே ஐந்தரை மீட்டர் வருகிறதா என்று அளந்து எழுது. கோபாலு நம்பமாட்டேன் என்கிறான்.

அன்புடன்,
ராகவன்